பதினாறில் ஒரு பங்கு வேகம்

நான் மத்தி மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தபோது, "நாப்பது கிலோமீட்டர பதினாறால வகுத்தா எவ்ளோ வரும்?" என்று கூடத்திலிருந்து கேட்டார் என் வீட்டுக்காரர். இரண்டரை என்றேன். "அத மீட்டராக்கி அறுவதால வகு" என்றார். கை முழுக்க மீன் வாடை. முதுகில் விண்விண்ணென்று வலி. அடுப்பில் உலை கொதித்து மூடியைத் தள்ளுகிறது. இந்த நேரத்தில் இந்த மனிதருக்கு என்ன கணக்கு வேண்டியிருக்கிறது என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் மனதுக்குள் வகுத்தேன். நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு மீட்டர், கொஞ்சம் குறைவாக. சொன்னேன். அதற்கப்புறம் அங்கிருந்து சத்தமே இல்லை. விழுந்து வைத்தாரோ என்று பதறி எட்டிப் பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்தபடி தரையில் கிடந்த பொம்மைப் பீரங்கி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ரிமோட்டில் ஓடும் டேங்க். நிஜ வண்டியைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது, ஒரு முழ நீளம் இருக்கும். ஷார்ஜாவில் இருக்கும் என் கொழுந்தன், ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினார். அண்ணன் போனில் இந்த வண்டிகள் சேற்றிலும் மணலிலும் ஏறி இறங்கும் வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று தம்பிக்குத் தெரியும். வந்து சேர்ந்தபோது இரண்டு பக்கப் பிளாஸ்டிக் செயினும் அறுந்து, அவற்றை இழுக்கும் பல்சக்கரங்கள் நொறுங்கிப்போயிருந்தன. பெட்டியில் அதன் தலைமேல் பேரீச்சம்பழத்தையும் பால்பவுடர் டின்னையும் ஏற்றியிருந்தார்கள். மோட்டாரும் கியரும் மட்டும் தப்பித்தன. என் வீட்டுக்காரரும் அப்போது நன்றாகத்தான் இருந்தார். "நானே சக்கரம் செஞ்சிக்கிறேன்" என்று சொல்லிப் பீரோவின் மேல் தூக்கி வைத்தார். பிறகு மழைக்காலத்தில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே இடது பக்கமாகச் சாய்ந்தார்.

பக்கவாதத்துக்கு ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். புறா ரத்தம் தேய்க்கச் சொன்னவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பேச்சு திரும்பியிருந்தது, வலது கைக்கு ஒன்றும் இல்லை. இடது கை தொங்கியது. இடது காலைத் தரையில் இழுத்து இழுத்து வைத்தார். அன்றிலிருந்து என் உடம்பில் பாதி அவருடையது. குளிக்க வைக்க, சட்டை மாட்ட, கைலியை இறுக்கிக் கட்ட, கழிவறைக்கு அழைத்துப்போக, மாத்திரை கொடுக்க. நான் படுத்தால், கூப்பிடுவார். கூப்பிடாவிட்டாலும் கூப்பிட்டதுபோல இருக்கும், எழுந்து போய்ப் பார்ப்பேன். இதையெல்லாம் புண்ணியம் என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டுப் பிரியாணி சாப்பிட்டுப் போனார்கள். புண்ணியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புண்ணியத்துக்கும் முதுகு வலிக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே செராமிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். எந்தப் பொம்மையானாலும், எந்த ஃபியூஸ் கட்டையானாலும் அதன் முதல் உருவத்தைப் பிளாஸ்டரில் செதுக்கி, அதிலிருந்து மோல்டு எடுத்துக் கொடுப்பது அவர். மோல்டிலிருந்து வரும் பச்சை மண் பொம்மையின் பிசிறைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்பும் பெண்களில் ஒருத்தி நான். அவர் விழுந்த நாளோடு நானும் நின்றேன். எனக்கு அந்த வேலை வேண்டும். வீட்டில் அடைந்து கிடந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்பது ஒன்று. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு கை பாட்டுக்கு ஓடும் அந்தக் கொட்டகையில்தான் நான் மனுஷியாக இருக்கிறேன் என்பது இன்னொன்று. எங்கள் சூப்பர்வைசர் அம்மா என் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது. எத்தனை நாள் வைத்திருக்கும் என்றுதான் தெரியவில்லை.

அவரைத் தனியாக விட்டுப் போக முடியுமா என்று பிசியோதெரபி பார்க்க வந்த பெண்ணிடம் கேட்டேன். எங்கள் தெரு போய் முட்டுவது கடலூர் ரோட்டில். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை. கம்பெனி ஆட்கள் கூடுமிடம் அதுதான், அவருக்கு உலகமே அதுதான். இந்தப் பக்கம் மண் லாரி, அந்தப் பக்கம் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர், நடுவில் பஸ்ஸுகள். "ஒரு நிமிஷத்துக்கு நாப்பது மீட்டருக்கு மேல நடக்க ஆரம்பிச்சாருன்னா, ரோட்ட தனியா கிராஸ் பண்ணலாம். அத பண்ணிட்டாருன்னா நீங்க தைரியமா வேலைக்குப் போலாம், அக்கா" என்று அந்தப் பெண் சொன்னது. அப்போது அவர் நடந்த நடையில், ரோட்டின் பாதியில் நிற்கும்போதே ஒரு டிராக்டர் வந்து முடித்துவிடும்.

ஆகவே நான் மீன் கழுவிக்கொண்டே சொன்ன எண், அவருக்கு வெறும் எண்ணாக இருக்கவில்லை. நிஜ டேங்க் நல்ல ரோட்டில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடும். பொம்மையும் பார்ப்பதற்கு அசல்போல ஓட வேண்டுமானால், வேகத்தையும் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். கார் பொம்மை மாதிரி விர்ரென்று ஓடினால் அது டேங்க் இல்லையாம். அப்படிக் குறைத்து வந்த வேகம், பிசியோ பெண் சொன்ன வேகத்துக்கு ஒரு எட்டு முன்னால் நின்றது.

"இதுகூடவே நடந்தேன்னா, ரோட்ட தாண்டிடலாம்" என்றார் சாப்பிடும்போது.

"என் கையப் புடிச்சிக்கிட்டு நடந்தா ஆவாதா?" என்றேன்.

"பொண்டாட்டி கையப் புடிச்சிக்கிட்டு தெருவுல நடந்தா அத்தன பேரும் என் காலத்தான் பாப்பாங்க. முன்னால இது போனா, இதப் பாப்பாங்க."

மீன் குழம்பில் உப்பு குறைவு என்று கூட அன்று சொல்லாமல் சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு வெகு நாளாகியிருந்தது.

மறுநாள் கணக்கு தொடர்ந்தது. மோட்டார் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றுகிறது. கியர் அதை நாற்பதில் ஒன்றாகக் குறைக்கிறது. கடைசியில் சக்கரம் மாட்டும் தண்டு இருநூற்றைம்பது தடவை சுற்றும். மோட்டாரையும் கியரையும் நாம் மாற்ற முடியாது, வந்தது வந்ததுதான். நம் கையில் இருப்பது சக்கரம் மட்டும். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், சிறிதானால் குறைவாகப் போகும். நாற்பத்திரண்டு மீட்டரை இருநூற்றைம்பது சுற்றில் கடக்க வேண்டுமானால் சக்கரத்தின் சுற்றளவு பதினாறரை சென்டிமீட்டரை ஒட்டி வர வேண்டும். அப்படியானால் விட்டம் ஐந்தே கால் சென்டிமீட்டரும் ஒரு இழையும். நான் பிளஸ் டூவில் கணக்கு எடுத்துப் படித்தவள். அந்தப் படிப்பு எதற்கு உதவியது என்று யாராவது கேட்டால், பொம்மை வண்டிக்குச் சக்கர அளவு கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பல்சக்கரமும் செயினும் செய்ய அவரால் முடியாது. அதனால் பல் இல்லாத வழவழச் சக்கரம் செய்து, அதன் மேல் லாரி ட்யூபை வட்டமாக வெட்டி இழுத்து மாட்டுவது என்று முடிவானது. ரப்பர் உராய்ந்து பிடித்துக்கொண்டு ஓடும். சக்கரத்தை வார்க்க முதலில் பிளாஸ்டரில் உருவம் வேண்டும். கம்பெனியிலிருந்து வந்த அவருடைய வேலைப் பையைப் பரணிலிருந்து இறக்கினேன். அதற்குள் இருந்த கத்திகளைத் தொட்டுப் பார்த்தபோது அவர் முகம் மாறியது. வலது கையால் செதுக்குவார். இடது கை நான். "இப்பிடி புடி, ஆட்டாத, கொஞ்சம் திருப்பு" என்று அதட்டுவார். பிளாஸ்டர் தூள் என் மடி, முடி, சோற்றுப் பானை எல்லாவற்றிலும் இறங்கியது. செதுக்கியதை அவருடைய அலுமினியத் தகட்டு ஸ்கேலில் வைத்துப் பார்ப்பார், மறுபடி சுரண்டுவார், மறுபடி பார்ப்பார். கடைசியில் கோடு கோடாகப் பொருந்தியது. ஃபைபர் சாமான் விற்கும் கடையில், ஊற்றியதும் இறுகிக் கெட்டியாகும் ரெசின் வாங்கி வந்து மோல்டில் ஊற்றினோம். இரண்டு சக்கரம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாட்டும்போது ட்யூப் மட்டும் ரொம்ப இறுக்கமாக இருந்தது. நான்தான் ட்யூபைச் சின்னதாக வெட்டிவிட்டேன் என்று திட்டு வாங்கினேன்.

தெருவை நான் அளந்தேன். பக்கத்து வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் நீள டேப் இரவல் வாங்கி, எங்கள் வாசற்படியிலிருந்து நாற்பத்திரண்டு மீட்டர் இழுத்துப் பார்த்தால், அது சரியாக டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் போய் முடிந்தது. அல்லாவே அளந்து நட்டதுபோல இருந்தது. வாசலிலிருந்து கம்பம் வரை, ஒரு நிமிடம். அதுதான் பரீட்சை.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்த் தெரு அடங்கிய பிறகு நாங்கள் இறங்குவோம். முன்னால் டேங்க், பின்னால் வலது கையில் கம்பு ஊன்றி அவர், அவருக்குப் பின்னால் கழுத்தில் ரிமோட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு நான். கல்யாண ஊர்வலத்தில் கூட நான் இப்படி எல்லார் பார்வையும் பட நடந்ததில்லை. எதிர்வீட்டு அம்மா ரசம் தாளிப்பதைப் போட்டுவிட்டு வந்து நிற்கும். அவர் சொன்னதுபோலவே எல்லாரும் வண்டியைத்தான் பார்த்தார்கள். அவர் காலைப் பார்த்தது நான் மட்டும்.

முதல் நாள் டேங்க் கம்பத்தைத் தொட்டபோது அவர் பாதித் தூரம் கூட வரவில்லை. பரவாயில்லை, அதற்குத்தானே இது என்றார். நாளாக ஆகக் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் போட வந்தது. மூக்கு நுனி வியர்க்க, உதட்டைக் கடித்துக்கொண்டு, வண்டியின் பின்புறத்திலேயே கண்ணை வைத்து நடப்பார். என் கட்டை விரல் ரிமோட்டின் குமிழைக் கடைசிவரை தள்ளியிருக்கும். அவர் திணறுவதைப் பார்த்து ஒரு நாள் கொஞ்சம் விரலைத் தளர்த்தினேன். உடனே திரும்பாமலே, "முழுசா தள்ளு" என்றார். மோட்டாரின் சத்தம் இறங்கியதில் கண்டுபிடித்துவிட்டார்.

"உங்க வேகத்துக்கு ஓட்டறேன், கூடவே போலாம்" என்றேன்.

"என் வேகத்துக்கு ஓட்டினா அது டேங்க் இல்ல, நத்த. கரும்பு டிராக்டரு எனக்காக மெதுவா வருமா?"

சிக்கல் எங்கே தொடங்கியது என்றால், நான் போனில் நேரம் பார்க்க ஆரம்பித்தபோது. டேங்க் ஒரு நிமிடத்தில் கம்பத்தை அடைய வேண்டும். ஆனால் நிமிடம் முடிவதற்கு முன்பே அது போய் நின்றுவிடுகிறது. ஒரு நாள் அல்ல, தினமும். சீனாக்காரன் மோட்டார், பெட்டியில் போட்டிருப்பது ஒன்று, ஓடுவது ஒன்று என்று நினைத்தேன். சக்கரத்தின் ஓரத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, தரையில் ஓடவிட்டு, போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்து, ஸ்டிக்கர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்தோம். சுற்று சரியாகத்தான் இருந்தது. சுற்று சரி, சக்கரம் சரி, அப்படியானால் தப்பு தெருவில் என்றார் அவர்.

"நீ அளந்தது தப்பு. தெரு நாப்பத்திரண்டு இல்ல. கொறச்சலா இருக்குது."

"கொத்தனாரு டேப்புல அளந்தேங்க."

"நடுவுல பைக்கு நின்னுச்சுன்னு சொன்னல்ல? டேப்பு வளைஞ்சி போயிருக்கும்."

பைக் நின்றது உண்மை. டேப்பைச் சுற்றிக்கொண்டு போனேனா, மேலே தூக்கிப் பிடித்தேனா என்று இப்போது எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. இரவல் டேப்பும் கொத்தனாரோடு போய்விட்டது. அதற்குள் அவர் நடை நன்றாகவே தேறியிருந்தது. நான் நேரம் பார்த்தால், நிமிடம் முடியும்போது அவரும் கம்பத்தருகே நிற்கிறார். "ஒரு நிமிஷத்துல வந்துட்டீங்க" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். தெரு குட்டை, அதனால் நிமிடம் செல்லாது. வண்டி எனக்கு முன்னால் வந்து நிற்கிறது, நான் அதைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்பார். அவருக்கு வண்டிதான் கடிகாரம். கணக்குப் போட்டுச் செய்த சக்கரம், தன் கையால் செதுக்கியது, அது பொய் சொல்லாது. வண்டிக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் அந்த நாலைந்து எட்டு இடைவெளி. எவ்வளவு எட்டிப் போட்டாலும் அது குறையவே இல்லை.

நம்பிக்கை எப்படிக் கரைகிறது என்பதை அந்த நாட்களில் பக்கத்திலிருந்து பார்த்தேன். காலையில் கிளம்பத் தாமதமாகும். சட்டைப் பட்டன் சரியில்லை என்பார், வெயில் ஏறிவிட்டது என்பார். "கால்ல இருந்தது இவ்ளோதான் போல. இதுக்கு மேல வராது" என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார். அவர் காலுக்காக மட்டும் கவலைப்பட்டேன் என்று சொன்னால் அது பொய். அவர் கால் நின்றால் நானும் இந்த வீட்டுக்குள் நின்றுவிடுவேன் என்ற பயமும் அதில் இருந்தது.

அதே வாரம் சூப்பர்வைசர் அம்மா போன் செய்தது. "அக்கா, கோச்சிக்காதீங்க. பொம்மை ஆர்டர் நெறைய வந்திருக்குது. மாசக் கடைசிக்குள்ள வரீங்களா இல்லியான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. இதுக்கு மேல வேற ஆளப் போடாம என்னால முடியாது." அதன் மேல் தப்பில்லை. இவ்வளவு நாள் காத்திருந்ததே பெரிது. சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கூடத்தில் அவர் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மறுபடி ஸ்கேலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சக்கரம் கரெக்ட்டா இருக்குது. தெருவுலதான் கோளாறு" என்றார் தலை நிமிராமல்.

எனக்குள் ஏதோ அறுந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டேன்.

யாரிடம் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய பழமொழிதான். காலை இழுத்து நடக்கிற மனிதரிடம் சொன்னால் அது வேறாகிவிடுகிறது. அவர் சக்கரத்தைத் துணியால் துடைத்து வண்டியை நிமிர்த்தி வைத்தார். மறுநாள் கிளம்பலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். அதற்கு மறுநாளும் வேண்டாம். பிசியோ பெண் வந்து கேட்டதற்கு, கால் வலி என்றார். கம்பை மூலையில் சாத்திவிட்டுப் போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார், அதையும் சத்தமில்லாமல். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு இல்லை. சோறு வைத்தேன், மாத்திரை கொடுத்தேன், துவைத்தேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் வேறு வேறு ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தோம்.

வெள்ளிக்கிழமை, ஜும்மா அன்று, அவர் உட்கார்ந்தபடியே தொழுது முடித்திருந்தார். நான் ஒரு பிளவுஸுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். மடியில் நூலும் தையல் டேப்பும். எதிரே தரையில் அந்த வண்டி. அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் ஏறியது. என் தெருவைக் குட்டை என்றது இந்தச் சனியன்தானே. சுற்று சரியென்று கண்ணால் எண்ணியாயிற்று. தெருவும் சரியென்றால், மிச்சம் இருப்பது சக்கரம். வண்டியை மடியில் இழுத்துப் போட்டு, ட்யூபை விலக்கி, சக்கரத்தைச் சுற்றி ஒரு நூலை இறுக்கிச் சுற்றினேன். முனை சேரும் இடத்தில் நகத்தால் பிடித்து, நூலைத் தையல் டேப்பில் வைத்தேன். பதினாறரையை ஒட்டி வர வேண்டியது, பதினெட்டரையைத் தாண்டிப் போனது.

நூல் நழுவியிருக்கும் என்று மறுபடி சுற்றினேன். அதே அளவு. அடுத்த சக்கரத்திலும் அதே.

"ஏங்க, உங்க ஸ்கேலக் குடுங்க" என்றேன்.

அந்த அலுமினியத் தகட்டை வாங்கித் தையல் டேப்பின் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் பூஜ்யத்தைச் சேர்த்துப் பிடித்தால், அவருடைய பத்து என் டேப்பில் பதினொன்றையும் தாண்டி உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரும் எட்டிப் பார்த்தார், அவருக்கும் உறைத்தது. மண் காயும்போது சுருங்கும், சூளையில் வேகும்போது இன்னும் சுருங்கும். நான் துடைத்து உள்ளே அனுப்பிய பொம்மை வெளியே வரும்போது தம்பி பொம்மை மாதிரி இருக்கும். அதனால் எங்கள் ஊரில் மோல்டு செய்கிறவர்கள் முதல் உருவத்தையே பெரிதாகச் செதுக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல் இருக்க, அவர் தானே ஒரு தகட்டில் கோடு கிழித்து வைத்திருந்தார். அந்த ஸ்கேலின் சென்டிமீட்டர், ஊரில் உள்ள சென்டிமீட்டரைவிட நீளம். அதில் அளந்து செதுக்கினால், சுருங்கின பிறகு சரியான அளவுக்கு வந்து நிற்கும். ரெசின் சுருங்காது. ஆனால் இத்தனை வருடம் பிளாஸ்டரைத் தொட்ட கை, பைக்குள் போய் வழக்கம்போல அந்தத் தகட்டை எடுத்துவிட்டது. சரிபார்த்ததும் அதே தகட்டில். பின்னே எப்படிப் பொருந்தாமல் போகும். ட்யூப் இறுக்கமாக இருந்ததும் அதனால்தான். பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்த எனக்கும் அது தோன்றவில்லை, நானும் அந்த மண்ணிலேயே கிடந்தவள்தானே.

"மண்ணுக்கு அளந்துட்டேன்" என்றார் மெதுவாக.

நான் சிரிக்கவில்லை. மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சக்கரம் எட்டில் ஒரு பங்கு பெரிதாகப் போனதால், வண்டி நிமிடத்துக்கு நாற்பத்தேழு மீட்டர் ஓடியிருக்கிறது. தெரு நான் அளந்த தெருதான், நாற்பத்திரண்டேதான். நிமிடமும் நிமிடம்தான்.

"அப்போ நான்?" என்று கேட்டார்.

"நீங்க அப்பவே நடந்துட்டீங்க. வண்டிதான் தப்பா ஓடிச்சு."

கொஞ்ச நேரம் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ அடுத்தவருடையதைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு வலது கையால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. எனக்கும் அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை நாள் வேண்டிய வேகத்திலேயே நடந்துகொண்டு தோற்றுவிட்டேன் என்று மூலையில் உட்கார்ந்திருந்தாரே என்று கோபம். கூடம் கோணல் என்று நான் சொன்ன அன்று, நிஜமாகவே கோணலாக இருந்தது அவர் கையில் இருந்த தகடு. அதையும் சொன்னேன். "நீ சொன்னது சொன்னதுதான்" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அது சமாதானமா, இல்லையா என்று தெரியவில்லை. ஆனால் பேசினார்.

சக்கரத்தைச் சரியான அளவில் மறுபடி வார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். இன்னொரு முறை அந்தப் பிளாஸ்டர் தூளா என்று அடுத்த நொடியே அலுத்தது. அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

மறுநாள் காலை சட்டை மாட்டிவிடச் சொன்னார். நான் ரிமோட்டை எடுக்கப் போனேன்.

"அது வேணாம். நீயும் வேணாம்" என்றார். "டீக்கடைக்குப் போயிட்டு வரேன்."

தெருமுனைவரை வருகிறேன் என்று கெஞ்சினேன். "நீ பின்னால வந்தா நான் உன் சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டு இருப்பேன், லாரி சத்தம் கேக்காது" என்றார். வாசலில் நின்று பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் கம்பத்தைத் தாண்டினார், நிற்கவில்லை. எதிர்வீட்டு அம்மா, "எங்க வண்டியக் காணோம்?" என்று கேட்டதற்குக் கம்பைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார். தெரு ரோட்டில் முட்டும் இடத்தில் வலது பக்கம் திரும்பி, மறைந்தார். திரும்பின பிறகு ரோடு எங்கள் வாசலிலிருந்து தெரியாது. ஒரு டிராக்டர் நீளமாக ஹாரன் அடித்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு பஸ்ஸின் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. யாரும் கத்தவில்லை, யாரும் ஓடிவரவில்லை.

உள்ளே வந்தேன். பாத்திரம் கழுவ வேண்டும். அதற்கு முன்னால் ஒரு நிமிடம் உட்காரலாம் என்று கூடத்துத் தரையில் உட்கார்ந்தேன். தரை குளுகுளுவென்று இருந்தது. கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தது நினைவிருக்கிறது. வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டே சாய்ந்தேன், அதுவும் நினைவிருக்கிறது.

மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்போது விழித்தேன். கன்னத்தில் தரையின் ஈரம். எதிரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். காலில் ரோட்டுத் தூசி. சட்டையின் மேல் பட்டனைத் தானாகவே கழற்றியிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புடவையைச் சரிசெய்துகொண்டு எழப் பார்த்தேன், உடம்பு வரவில்லை.

"எப்ப வந்தீங்க?"

"எப்பவோ வந்துட்டேன். அங்க கம்பெனி ஆளுங்க இருந்தாங்க. திங்கக்கெழமலேந்து நீ வேலைக்கு வருவேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"வண்டிங்க வரலியா?"

"வந்துச்சு. நின்னேன், பாத்தேன், போனேன். வரும்போதும் அப்பிடித்தான்."

இவ்வளவு பெரிய காரியம் நடந்து முடிந்திருக்கிறது, நான் தூங்கியிருக்கிறேன். வெட்கமாகவும் ஆத்திரமாகவும் வந்தது.

"என்னய எழுப்பியிருக்கலாம்ல?" என்றேன்.

"எதுக்கு எழுப்பறது?" என்றார். "எனக்கு ஒண்ணும் வேண்டியிருக்கலியே."

பாங்கு முடிந்திருந்தது. பாத்திரமெல்லாம் போட்டது போட்டபடி கிடந்தது. நான் மறுபடியும் படுத்துக்கொண்டேன்.